வெள்ளிக்கிழமை மூத்தாள்

இன்னாம்மா படிக்கற, கதப் பொஸ்தவமா? அட்டையக் கொஞ்சம் இப்பிடித் திருப்பு. ம். வெள்ளச் சேல கட்டிக்கிட்டு ஒருத்தி அந்தரத்துல நிக்கறா, கீழ ஒரு பையனும் பொண்ணும் மொறச்சிக்கிட்டு நிக்குதுங்க. பேய்க் கத. பயமுறுத்தற பேயி இல்ல, சிரிக்க வெக்கற பேயி. கடைசில அதுவே முன்ன நின்னு கல்யாணத்தப் பண்ணி வெக்கும். எனக்குத் தெரியாதா, நானும் படிக்கறவதான். நீ படி. நான் பேசாம வரன்.

திட்டக்குடியா போற? நான் அதுக்கு முன்னாடியே வேப்பங்குறிச்சில எறங்கிடுவன். இல்லம்மா, அங்க சொந்தக்காரங்க யாரும் இல்ல. ஒரு பூசாரி இருக்கறாராம். பேய் கட்டறவரு.

தள்ளி உக்காராத, எனக்குப் பேய் புடிக்கல. புடிச்சிருந்தாக்கூடத் தேவல. நீ கையில வெச்சிருக்கற மாதிரி ஒரு பொஸ்தவத்தப் படிச்சிட்டு நானா போயி இழுத்துக்கிட்டு வந்த பேயி இது. சொந்தச் செலவுல சூனியம் வெச்சிக்கறதும்பாங்களே, அதான் எங்கத. கேக்கறியா? அப்ப பொஸ்தவத்த மூடி வை. ரெண்டையும் ஒண்ணா பண்ண முடியாது.

எம்பேரு பூங்காவனம். எங்க ஊட்டுக்காரருக்கு மாவு மில்லு. கலியமூர்த்தி மில்லுன்னா எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும். காலையில மிஷினு முன்னாடி நின்னா பொழுது சாயத்தான் வருவாரு. தலையெல்லாம் மாவு, புருவமெல்லாம் மாவு. அந்தச் சத்தத்துலயே நின்னு நின்னு மனுசனுக்குப் பேச்சே மறந்து போச்சி. ஊட்டுக்கு வந்தா 'வெந்நி வெச்சியா', 'சோறு போடு', 'கதவச் சாத்து'. முடிஞ்சிது. அதுக்கு மேல வாயத் தொறந்தா முத்து உதுந்துடும்.

நல்ல மனுசந்தாம்மா. குடிக்க மாட்டாரு, கைய நீட்ட மாட்டாரு. நல்ல மனுசன், நல்ல மனுசன்னு சொல்லிச் சொல்லியே எங்க அம்மா ஊட்ல என் வாயக் கட்டிட்டாங்க. பேசாத மனுசனோட குடும்பம் நடத்தறது எப்பிடின்னு ஒருத்தியும் சொல்லிக் குடுக்கல. ஒரே மவன், அவனும் திருப்பூருக்குப் போயிட்டான். அப்பறம் ஊட்ல இருக்கறது நானும் செவுரும்.

செவுத்துல அவ இருக்கறா. அஞ்சலாட்சி. அதான் மூத்தா.

நான் ரெண்டாந்தாரம். அவ அவுருக்குச் சொந்த அத்த மவ. கட்டிக்கிட்டு வந்து ரெண்டு வருசத்துல காய்ச்சல்ல போயிட்டா, புள்ள குட்டி இல்ல. எங்க பக்கத்துல ரெண்டாந்தாரமா வாக்கப்பட்டா மூத்தாளக் கும்பிடணும். பூவோட பொட்டோட செத்தவ இல்லியா, அவ தெய்வம். தாலியிலயே அவளுக்குன்னு ஒரு பொட்டு கோத்துப் போடுவாங்க, இதோ பாரு. வருசா வருசம் தை மாசம் அவளுக்குப் புதுச்சேல எடுத்து, வளவி, பூவு, வடை, பாயசம் எல்லாம் வெச்சிப் படைக்கணும். படைச்ச சேலைய அடுத்து வந்த எளையா எடுத்துக் கட்டிக்கணும். அதுல ஒண்ணும் கொற இல்ல. நானும் மனசாரத்தான் கும்பிட்டன். எனக்கு முன்ன வந்து கஷ்டப்பட்டுப் போனவ, பாவம்.

ஆனா ஒண்ணு கேளு. கல்யாணச் சேல ஒண்ணத் தவிர, 'இந்தா, இது உனக்கு'ன்னு அந்த மனுசன் கையால எனக்கு ஒரு சேல எடுத்ததில்ல. தீவாளிக்கி மவன் எடுத்துக் குடுப்பான். இவரு வருசத்துக்கு ஒருதடவ விருத்தாசலம் போவாரு, அஞ்சலாட்சிக்குன்னு ஒரு சேல வாங்கியாருவாரு. அதும் மஞ்ச. எப்பவும் மஞ்ச. அவளுக்கு மஞ்சன்னா உசுராம், எங்க நாத்தனா ராசகுமாரி சொல்லி வெச்சிருக்கறா. நாத்தனா அதே தெருதான். அவ வாயில அஞ்சலாட்சி அஞ்சலாட்சின்னு அந்தப் பேரு ஓயாது. அவ வெச்ச ரசம் மாதிரி வருமா, அவ போட்ட கோலம் மாதிரி வருமா. எம் பொட்டியத் தொறந்தீன்னா மாம்பழக் கட மாதிரி இருக்கும். எந்நெறத்துக்கு மஞ்ச ஆவுமா, நீயே சொல்லு.

அலுத்துப் போச்சிம்மா. சண்ட போடலாம்னா செத்தவகிட்ட எங்க போயி சண்ட போடறது?

எங்க தெருவுல ஜெயக்கொடின்னு ஒருத்தி ஜாக்கெட்டு தெக்கறா. அவ கடையில மாச நாவலு ஒரு கட்டு கெடக்கும், தெக்கக் குடுக்க வர்றவங்க உக்காந்து படிக்கறதுக்கு. நான் ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டு வந்து படிப்பன். மத்தியானம் சோறாக்கி எறக்கிட்டா எனக்கு அதான் தொண. எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆம்பள ஆறடி இருப்பான், காரு வெச்சிருப்பான், மொதல்ல திட்டுவான், அப்பறம் அவ வழுக்கி வுழுவா, தாங்கிப் புடிப்பான். ஒரு கதையிலயாவது மாவு மில்லுக்காரன் வந்திருக்கறானா? வர மாட்டான். மாவு மில்லுல வழுக்கி வுழுந்தா பெல்ட்டுல மாட்டிக்கும்.

அப்பிடித்தான் அந்தக் கத கையில வந்துச்சி. ஒரு பல் டாக்டரு, பொண்டாட்டிய எழந்தவன். செத்தவ போவாம பிரிட்ஜு மேல உக்காந்திருக்கறா. காலத் தொங்கப் போட்டுக்கிட்டு. இவனுக்குப் பாக்கற பொண்ணுங்களயெல்லாம் ஓட ஓட வெரட்டறா, சாம்பார்ல உப்பக் கொட்டறா, செல்போன்ல ஒப்பாரிப் பாட்ட வெக்கறா. கடைசியா ஒரு பொண்ணு வருது, பல்லுக்குக் கம்பி கட்ட. அத மட்டும் இந்தப் பேய்க்குப் புடிச்சிப் போவுது. உடனே அவங்காதுல போயி சொல்லுது, அவளுக்கு ஊதா கலரு புடிக்கும், அவளுக்குக் காப்பியில சக்கர ஒரு ஸ்பூனு தூக்கலா, அவ கோவமா இருந்தா பேசாத, பக்கத்துல போயி நில்லு. அவனும் அப்பிடியே செய்யறான். அந்தப் பொண்ணு உருகிப் போவுது. நான் சிரிச்சிக்கிட்டேதான் படிச்சன். படிச்சிக்கிட்டே வந்தவ ஒரு எடத்துல பொஸ்தவத்தக் கவுத்துட்டு செவுத்தப் பாத்தன். அஞ்சலாட்சி படத்துலேருந்து என்னையே பாத்துக்கிட்டு இருக்கறா. படத்துல சின்னப் பொண்ணு அவ, எம் மவனவிடச் சின்னவ. 'ஏண்டி, ஒரு பல் டாக்டரு பொண்டாட்டி அம்மாம் செய்யறா, எனக்காவ ஒரு வார்த்த நீ சொல்லக் கூடாதா'ன்னு கேட்டன். அவ இன்னா சொல்லுவா.

சரி, அவ சொல்லலன்னா அவளுக்காவ நான் சொல்றன்னு முடிவு பண்ணன்.

அந்தத் தையில படையல் அன்னைக்கி, கற்பூரம் ஏத்தற நேரம் பாத்து தலைய அவுத்து வுட்டன். எங்க ஊட்ல பொம்பளைங்களுக்கு அருள் வர்றது புதுசில்ல, ராசகுமாரியே மாரியாத்தாவுக்கு ஆடறவதான். அதனால எப்பிடி ஆடணும்னு எனக்குத் தெரியும். ரெண்டு சுத்து சுத்தினன், பல்லக் கடிச்சன். 'ஆரு வந்திருக்கறது'ன்னு ராசகுமாரி கேட்டா. 'அஞ்சலாட்சி வந்திருக்கறன்'ன்னன். அவ்வளவுதான், கெழவி நெடுஞ்சாண்கெடையா வுழுந்துட்டா. எனக்கு அதுவே பாதி திருப்தி. 'மஞ்ச கட்டிக் கட்டி எனக்குச் சலிச்சிப் போச்சி, எந்தங்கச்சிக்கு எலப்பச்சையில ஒரு சேல எடுத்துக் குடு மாமா'ன்னன்.

மாமான்னு சொல்லிட்டன் பாரு. அவ அத்த மவ, அவ அப்பிடித்தான கூப்புட்டிருப்பா. நான் ஒரு நாளும் அவர மாமான்னு கூப்புட்டதில்ல. 'இந்தாங்க'ன்னுதான் கூப்புடுவன். அன்னைக்கி வாயில அந்த வார்த்த வந்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சி. இனிப்பா இருந்திச்சி, வேற இன்னா சொல்ல. அவரு கையக் கட்டிக்கிட்டு என் மூஞ்சியவே பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அப்பறம் 'சரி'ன்னாரு.

சொன்ன மாதிரியே வாங்கியாந்தாரு. எலப்பச்ச, சின்னக் கர. கட்டிக்கிட்டா நானே என்னத் திரும்பிப் பாக்கற மாதிரி ஒரு சேல. ஆனா எங்கையில குடுத்தாரா? இல்ல. நேரா போயி படத்துக்கு முன்னாடி வெச்சாரு. 'கும்பிட்டுட்டுக் கட்டிக்கோ'ன்னாரு. இன்னா பிரயோசனம் சொல்லு. கலரு மாறிச்சி, ஆளு மாறல.

அத்தோட வுட்டிருந்தா சனியன் ஒழிஞ்சிருக்கும். அடுத்த வெள்ளிக்கெழம வெளக்கு வெச்சிட்டுத் திரும்பறன், மனுசன் வந்து நிக்கறாரு. மில்ல சீக்கிரமா சாத்திட்டு, குளிச்சி, வெள்ள வேட்டி கட்டிக்கிட்டு. எங்கல்யாணத்தன்னைக்கிக்கூட அம்மாம் சுத்தமா நிக்கல. பாய விரிச்சி உக்காந்தாரு. தொண்டையச் செருமிக்கிட்டு, 'அஞ்சலாட்சி வந்திருக்குதா'ன்னு கேட்டாரு.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சி. இல்லைன்னு சொல்லியிருக்கலாம். ஆனா அந்த மனுசன் எனக்கு எதுக்க வந்து உக்காந்து பேச்சுக் குடுத்து எத்தினி வருசமாச்சி. எழுந்து போயிடப் போறாரேன்னு, 'வந்திருக்கறன் மாமா'ன்னுட்டன். புள்ளையாரு புடிக்கப் போயி கொரங்கா முடிஞ்சிது அங்கதான்.

இன்னா பேசினாருன்னு கேக்கறியா? எல்லாந்தான். அரிசி மாவு அரைக்க வந்த கூட்டம், கரண்டு போனது, மிளவாத் தூளு அரைச்சிட்டு மூஞ்சக் கழுவாம கண்ணத் தேச்சிக்கிட்டது. ஒண்ணுமில்லாத பேச்சு. ஆனா வெளக்கு எண்ண தீர்ற வரைக்கும் பேசினாரு. நடுவுல ஒரு கேள்வி கேட்டாரு பாரு, 'மூட்டு வலி இப்ப எப்பிடி இருக்குது'ன்னாரு. செத்துப் போனவளுக்கு ஏதும்மா மூட்டு வலி? எனக்குத்தான் மூட்டு வலி. அவமேல இருக்கற பித்துல மனுசனுக்கு யாருக்கு இன்னா வலின்னுகூடத் தெரியல. 'தேவல'ன்னு சொல்லி வெச்சன். மறு வாரம் பாயிக்குப் பதிலா, கால மடக்காம உக்கார ஒசரமா ஒரு மணக்கட்ட போட்டிருந்திச்சி. செத்தவளுக்கு அந்த உபசாரம்.

அப்பறம் வாரா வாரம் ஆயிப் போச்சி. வரும்போது ஒரு பொட்டலம் வாங்கியாருவாரு. வெங்காய பக்கோடா. வெள்ளிக்கெழம வெங்காயமே ஊட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு இருந்தவ அந்த அஞ்சலாட்சி, ராசகுமாரி இன்னைக்கும் சொல்லிக் காட்டுவா. வெங்காய பக்கோடா யாருக்குப் புடிக்கும்? எனக்குப் புடிக்கும். கட்டின பொண்டாட்டி ரெண்டு பேருல யாருக்கு எது புடிக்கும்னு போட்டுக் கொழப்பிக்கிட்டு இருக்கறாரு. நான் இன்னா, வேணாம்னா சொல்ல முடியும்? தின்னன்.

பச்சச் சேலையப் பத்தி ஒரு நாளு கேட்டாரு. 'அந்தப் பச்ச அவளுக்குப் புடிச்சிதா'ன்னு. அவளுக்குன்னா, எனக்கு. என்னப் பத்தி அவகிட்ட விசாரிக்கறாரு. ஏன், நான் இன்னா ஊமையா, அடுப்படியிலதான பொழுதுக்கும் கெடக்கறன், வந்து கேட்டா இன்னா? எனக்கு வந்த ஆத்திரத்துல, 'நல்லாத்தான் இருக்குது, ஆனா அவகிட்டவே கேக்கலாம் இல்ல'ன்னன். தலையக் குனிஞ்சிக்கிட்டு, 'அதுகிட்டக் கேட்டா ம்முன்னும், அதோட முடிஞ்சிடும்'ன்னாரு. எப்பிடி இருக்குது பாரு ஞாயம். நான் ம்முன்றனாம்.

இதுல கூத்து இன்னா தெரியுமா? ஒரு நாளு, 'இப்ப இன்னா கத படிக்கற'ன்னு கேட்டாரு. அஞ்சலாட்சியப் போயி கேக்கறாரு. அவ எழுதப் படிக்கத் தெரியாதவ, பத்தரத்துல கைநாட்டு வெச்சவ. 'பூங்காவனம் படிக்கும்போது பின்னால நின்னு கேட்டுக்கறன்'ன்னு சமாளிச்சன். 'சொல்லேன், கேப்பம்'ன்னாரு. அந்தப் பல் டாக்டரு கதையச் சொன்னன். பிரிட்ஜு மேல பேயி உக்காந்திருக்கறதச் சொன்னன், சிரிச்சாரு. சாம்பார்ல உப்பக் கொட்டறதச் சொன்னன், அடக்க மாட்டாமச் சிரிச்சாரு. துண்டால கண்ணத் தொடச்சிக்கிட்டு, 'அந்தப் பேயிக்கு அறிவு ஜாஸ்திதான்'ன்னாரு. எங்க ஊட்ல அப்பிடி ஒரு சிரிப்பு நான் கேட்டதே இல்ல. அதுலேருந்து வாரம் ஒரு கத. நான் அதுக்காவவே தேடித் தேடிப் படிச்சன். எங்க நிறுத்தணும், எங்க இழுக்கணும்னு யோசன பண்ணி வெச்சிப்பன். மருந்து கணக்கா ஆயிப் போச்சி.

பொய் சொல்லக் கூடாது, நல்லாத்தான் இருந்திச்சி. அவரு பேசறாரு, நான் மாமாங்கறன், சிரிக்கறம். ஆனா விடிஞ்சா சனிக்கெழம. 'வெந்நி வெச்சியா', 'கதவச் சாத்து'. முந்தின நாளு அப்பிடிப் பேசின வாயா இதுன்னு இருக்கும். ஆறு நாளு வடிச்சிக் கொட்டறது நானு, ஏழா நாளு பக்கோடா அவளுக்கு. ஒரே ஊட்ல ரெண்டு பொண்டாட்டி வேல பாக்கறன்மா நான். அலுப்பா இருக்குமா இருக்காதா?

ராசகுமாரி ஒரு வெள்ளிக்கெழம தட்டுல பூவோட வந்துட்டா, நானும் அஞ்சலாட்சிகிட்டக் குறி கேக்கணும்னு. எங்க ஊட்டுக்காரரு வாசல்லயே மறிச்சிட்டாரு. 'அது எங்கிட்ட மட்டுந்தான் பேசும், நீ போக்கா'ன்னு கதவச் சாத்திட்டாரு. அக்கா சொல்லத் தட்டாதவரு. அவளோட தனியா இருக்கணும்னு அம்மாம் ஆச.

எனக்குத் தாங்க முடியாமப் போனது போன மாசம். அன்னைக்கி வந்தவரு கத கேக்கல. வெளக்குத் திரியத் தூண்டி வுட்டாரு. அப்பறம், 'எடது காது கேக்கல. நாலஞ்சி மாசமா கேக்கல, இன்னொண்ணும் போயிடும் போல இருக்குது, பயமா இருக்குது'ன்னாரு. கொரலு ஒடிஞ்சிப் போச்சி. எழுந்து போயி அவுரு தலையப் புடிச்சிக்கணும் போல இருந்திச்சி, ஆனா பேய் எப்பிடிப் புடிக்கும்? 'ஒண்ணும் ஆவாது மாமா, டாக்டரப் பாக்கலாம்'ன்னன். அன்னையிலேருந்து சோறு போடும்போது, எது கேட்டாலும், வலது பக்கமா போயி நின்னுக்கறன். எதுக்குன்னு சொல்ல முடியுமா? எனக்குத்தான் தெரியாதே. பொண்டாட்டிகிட்ட சொல்லலியே, செத்தவகிட்டதான சொன்னாரு. அடுத்த வெள்ளிக்கெழம அவகிட்ட, 'இந்தப் பக்கமா நின்னு பேசினா நல்லாக் கேக்குது'ன்னாரு. யாரு நின்னாங்கன்னுகூட அவருக்குப் புரியல.

நான் பாட்டுக்கு ஜெயக்கொடிகிட்ட, 'அந்தப் பல் டாக்டரு கதையில கடைசிப் பக்கமெல்லாம் காணமே, முடிவு இன்னா'ன்னு கேட்டன். ஜாக்கெட்டுக் கைக்கு அளவுத் தாளு வெட்டறதுக்கு அவதான் கிழிச்சிருக்கறா. 'முடிவு இன்னா முடிவு, பேயி நெலவுக்குப் போயிடும், அதுங்க ரெண்டும் ஒண்ணு சேந்துடும். பேயி போனாத்தான சேர முடியும்'ன்னா. அது எனக்குச் சுருக்குன்னுச்சி. சரிதான, பேயி குந்திக்கிட்டு இருந்தா எங்கேருந்து சேர்றது?

அதனால போன வெள்ளிக்கெழம சொல்லிட்டன். 'மாமா, நான் இத்தோட போறன். இனிமே பேசறதா இருந்தா பூங்காவனத்துகிட்ட பேசு'ன்னன். அவரு மொகம் செத்துப் போச்சிம்மா. எங்கையப் புடிச்சிக்கிட்டாரு. 'போவாத. நீ போயிட்டா இந்த ஊட்ல எனக்குப் பேச ஆரு இருக்கறா'ன்னாரு.

கட்டின பொண்டாட்டி கையப் புடிச்சிக்கிட்டே கேக்கறாரு, ஆரு இருக்கறான்னு.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டன், இது தானா போவாது, கட்டித்தான் ஆவணும்னு. வேப்பங்குறிச்சி பூசாரி எலுமிச்சம்பழத்துல எறக்கி மண்ணுல பொதச்சிட்டாருன்னா அப்பறம் வரவே வராதாம். கட்டிட்டாங்கன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா இவரும் கேக்க மாட்டாரு இல்ல. எங்க சித்தி ஊட்டுக்குப் போயி ரெண்டு நாளு இருந்துட்டு வரன்னு சொல்லிட்டுக் கெளம்பினன்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவரே கொண்டாந்து வுட்டாரு. மில்ல சாத்திட்டு. சன்னல்ல துண்டப் போட்டு இந்த எடத்தப் புடிச்சிக் குடுத்ததும் அவருதான். பஸ்ஸு பொறப்படற வரைக்கும் கீழயே நின்னாரு. அப்பறம் சன்னல் கிட்ட வந்து, 'வெள்ளிக்கெழமைக்குள்ள வந்துடு பூங்காவனம்'ன்னாரு.

வாக்கப்பட்டு வந்த நாளா அந்த மனுசன் எம்பேரச் சொன்னதில்ல. இன்னைக்கித்தான் சொன்னாரு. எதுக்குச் சொன்னாரு பாத்தியா? அவளுக்காவ. வெள்ளிக்கெழம நான் இல்லன்னா அவ வர முடியாது இல்ல, அதுக்கு.

ஏம்மா அப்பிடிப் பாக்கற?

அவருக்கா? இன்னா தெரிஞ்சிருக்கும்? சேச்ச. அவரு வெள்ளந்திம்மா. மொத நாளே தெரியும்னா அப்பவே கேட்டிருக்க மாட்டாரா, ஏண்டி இப்பிடி வேஷம் கட்டறன்னு? நீ படிச்ச பொண்ணு, கத படிச்சிப் படிச்சி அப்பிடித் தோணுது உனக்கு. அந்த மணக்கட்டையா? அது அவளுக்கு... பக்கோடாதான் நான் சொன்னனே, மறதி. காது விசயம் அவகிட்டதான சொன்னாரு. அவ... அவ செத்து எத்தினி வருசமாச்சி.

இல்லம்மா. அப்பிடியெல்லாம் இருக்காது. தெரிஞ்சிக்கிட்டேவா ஒரு மனுசன் வெள்ள வேட்டி கட்டிக்கிட்டு வந்து வாரா வாரம் கேப்பாரு, அஞ்சலாட்சி வந்திருக்குதான்னு? எம் மூஞ்சப் பாத்து? தெரிஞ்சிருந்தா அவருக்கும் வெக்கமா இருக்காது?

தண்ணி இருக்குதா ஒரு வாயி? குடு. ஒண்ணுமில்ல, வெயிலு.

அந்தாள நான் 'ம்'முன்னு சொல்லிச் சொல்லியே அனுப்பியிருக்கறன் இல்ல. 'வெந்நி வெச்சியா'ன்னு வந்து நிப்பாரு. நின்னுக்கிட்டே இருப்பாரு, போவ மாட்டாரு. 'வெச்சாச்சி, போங்க'ன்னு நாந்தான் சொல்லுவன்.

வேப்பங்குறிச்சியா கத்தறாரு கண்டக்டரு? இருக்கட்டும். தம்பி, நான் எறங்கல. ரைட்டு சொல்லிடு. ஆமா, சீட்டு இது வரைக்குந்தான் எடுத்தன், திட்டக்குடிக்கி மிச்சத்த வாங்கிக்க. பூசாரி எங்க போயிடப் போறாரு, அடுத்த வாரம் பாத்துக்கலாம். இந்த வெயில்ல எறங்கி யாரு நடக்கறது.

எம்மா, திட்டக்குடி பஸ் ஸ்டாண்டுல பொஸ்தவம் விக்கற கட இருக்குதா? ஜெயக்கொடி கட்டுல இருந்ததெல்லாம் சொல்லி முடிச்சிட்டன். நாளானிக்கி வெள்ளிக்கெழம, வந்து உக்காந்தா ஒரு கத வேணும் இல்ல. நீ நெறைய படிக்கறவளாட்டம் இருக்கற, பாத்து ஒண்ணு எடுத்துக் குடு. இந்த மாதிரி பேய்க் கத வாணாம். புருசனும் பொண்டாட்டியும் மட்டும் இருக்கற கதையா பாத்துச் சொல்லு.